மசாய் மாரா, ஆகஸ்ட்: ஆர்7 + 100-500 போதுமா, 1.4 எக்ஸ்டெண்டரும் வாங்கணுமா?

குருவிக்கண் (கேள்வி)

வணக்கம். ஆகஸ்ட் மூணாவது வாரம் கென்யா, மசாய் மாராவுல ஆறு இரவு. நாலு இரவு ரிசர்வ் (அரசு காப்பகம்) பக்கம், ரெண்டு இரவு நபோயிஷோ கன்சர்வன்சி (அதை ஒட்டின தனிக் காப்பகம்). நைரோபியிலிருந்து போறப்ப சின்ன விமானம், திரும்பறப்ப ரோடு. வண்டி லேண்ட் குரூசர், கூரையை மேல தூக்கற வகை. நாலே பேர், எல்லாருமே கேமராக்காரங்க.

கையில இருக்கறது கேனன் ஆர்7, ஆர்எஃப் 100-500, ஆர்எஃப் 24-105 எஃப்/4. 500 பத்தாம போயிடுமோன்னு, லென்ஸ் நீளத்தை 1.4 மடங்காக்கற எக்ஸ்டெண்டர் வாங்க யோசனை. அது தேவையா? ட்ரைபாட் தூக்கணுமா? நூ, அதாவது வில்டபீஸ்ட் கூட்டம் ஆறு கடக்கறப்ப என்ன செட்டிங்? தூசி பத்தி எல்லாரும் பயமுறுத்தறாங்க, அது நிஜமாவே அவ்வளவு மோசமா? இங்க பறவை எடுத்துப் பழக்கம் உண்டு, அதனால அடிப்படையை விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வரலாம்.

ஷட்டர்மணி

எக்ஸ்டெண்டர் வேண்டாம். கணக்கு போட்டாலே தெரிஞ்சுடும்.

ரிசர்வ் விதிப்படி விலங்குகிட்டேயிருந்து 25 மீட்டர் தள்ளித்தான் வண்டி நிக்கணும். அந்தத் தூரத்துல ஆர்7-ல 500 வெச்சா ஃப்ரேம் அகலம் 1.1 மீட்டர். சிங்கத்துக்குத் தலையும் தோளும்தான் வரும். முழு உடம்பும் வேணும்னா 250-க்கு இறங்கணும். யானைன்னா 100-லயே அகலம் 5.6 மீட்டர்தான், தும்பிக்கை நீட்டின ஆண் யானை அதுல அடங்காது. ஆக மாராவுல பிரச்சினை லென்ஸ் நீளம் பத்தாதது இல்ல. பல நேரம் லென்ஸ் நீளமா இருக்கறதுதான் பிரச்சினை.

ரெண்டாவது, அந்த எக்ஸ்டெண்டரை 100-500-ல மாட்டணும்னா முதல்ல 300 தாண்டி ஜூம் பண்ணணும். கழட்டற வரைக்கும் 300-க்குக் கீழ இறங்கவே இறங்காது, லென்ஸை முழுசா சுருக்கிப் பையில வைக்கவும் முடியாது. கிடைக்கறது 420-700, கடைசியில எஃப்/10. சிங்கக்குட்டி நம்ம வண்டிக்குப் பக்கத்துல வந்து நின்னா முழிக்கணும். கழட்டலாம்னா அந்தத் தூசியில கேமராவைத் திறக்கணும்.

அந்தக் காசுக்கு ஆறு நாளைக்கு ரெண்டாவது பாடி வாடகைக்கு எடுங்க. ஆர்6 மார்க் 2 கிடைச்சா ரொம்ப நல்லது. பேட்டரி ரெண்டுக்கும் ஒரே எல்பி-இ6 வகை, சார்ஜர் ஒண்ணு போதும். ஆர்7-ல 100-500, இன்னொண்ணுல 24-105. காலையில மாட்டினதை ராத்திரி வரைக்கும் கழட்டாதீங்க. தூசிக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. வெளிச்சம் மங்கினதும் ரெண்டையும் மாத்தி, 100-500-ஐ ஆர்6-க்குக் கொண்டு வரலாம். ஆனா அதை வண்டியிலயே செய்யணும்னா எஞ்சினை நிறுத்தி, காத்து வர்ற பக்கத்துக்கு முதுகு காட்டி, தலையணை உறைக்குள்ள கையை விட்டு மாத்துங்க.

ட்ரைபாட் வேண்டாம். லேண்ட் குரூசர்ல மூணு கால் விரிக்க இடமே இல்ல, ரிசர்வுக்குள்ள கண்ட இடத்துல இறங்கவும் கூடாது. பீன்பேக் (தானியம் நிரப்பின துணிப்பை) ஒண்ணு போதும்.

புல்வெளி

ஷட்டர்மணி சொன்ன கணக்கு சரி. ஆனா "கிட்டப் போனா லென்ஸ் பத்தும்"னு மட்டும் எடுத்துக்காதீங்க, கோணம்னு ஒண்ணு இருக்கு. கூரை வழியா நின்னு எடுத்தா கேமரா தரையிலிருந்து ரெண்டு மீட்டருக்கு மேல இருக்கும். 10 மீட்டர்ல படுத்திருக்கற சிங்கத்தை அங்கேருந்து எடுத்தா, மாடியிலிருந்து தெருநாயைப் படம் எடுத்த மாதிரி ஆயிடும், பின்னணி முழுக்க வெறும் புல். அதே சிங்கம் 40 மீட்டர்ல இருந்தா கோணம் ரெண்டு டிகிரிக்குப் பக்கம் வந்துடும், பின்னால இருக்கற மேடும் வானமும் தானா ஃப்ரேமுக்குள்ள வரும். அதனால டிரைவர் வண்டியை நிறுத்தினதும் முதல்ல கூரையை மறந்துட்டு ஜன்னல்ல உக்காந்து பாருங்க. ஜன்னல் விளிம்புல பீன்பேக், அதுமேல லென்ஸ் பாதம். புல் மறைச்சா மட்டும் எழுந்திருங்க.

அப்ப எப்பவும் தள்ளி நின்னே எடுக்கலாமான்னா, அதுவும் இல்ல. காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல தரை சூடேறி கானல் கிளம்பிடும். 60 மீட்டர்ல சிவிங்கிப்புலி உக்காந்திருக்கும், கண்ல ஃபோகஸ் சரியா விழும், ஷட்டர் 1/3200 இருக்கும். ஆனாலும் பெருசு பண்ணிப் பார்த்தா மயிரெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி நெளியும். லென்ஸ் பழுது, ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) சரியில்லைன்னு ஆளாளுக்கு மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் தேடறது இதுக்காகத்தான். கானலை எந்த லென்ஸும் வெட்டாது, எக்ஸ்டெண்டர் போட்டா இன்னும் பெருசாக் காட்டும். நடுவுல இருக்கற காத்தைக் குறைக்கறது ஒண்ணுதான் வழி. அதனால அதிகாலையில தள்ளி நில்லுங்க, வெயில் ஏறினதும் விதி விடற அளவுக்குக் கிட்டப் போங்க. பகல்ல தூரத்துல இருக்கறதைப் பார்த்து ரசிச்சுட்டு விட்டுடுங்க. சொந்த வண்டியோட பானட் மேல குறுக்க எடுக்காதீங்க, அந்தச் சூடே போதும் படத்தைக் கெடுக்க.

வெளிச்சம்: ஆகஸ்ட்ல அங்க சூரியன் உதிக்கறது 6:40 வாக்குல, மறையறது 6:45 வாக்குல. ஐரோப்பாக்காரங்க எழுதின வழிகாட்டியில வர்ற நீளமான பொன்னொளி நேரமெல்லாம் அங்க கிடையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மணிக்கு 15 டிகிரி ஏறும். நல்ல வெளிச்சம் முப்பது, நாப்பது நிமிஷம். சென்னையிலயும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால உங்களுக்குப் பழக்கம் இருக்கும். ரிசர்வ் வாசல் காலை ஆறுக்குத் திறக்கும், மாலை ஆறுக்குப் பக்கத்துல வெளியேறச் சொல்லிடுவாங்க. சூரியன் மறையற நிழலுருவப் படம் வேணும்னா நபோயிஷோ நாட்களுக்கு வெச்சுக்குங்க. கன்சர்வன்சியில இருட்டற வரைக்கும் சுத்தலாம், பாதையை விட்டு இறங்கவும் விடுவாங்க, வண்டிகளும் கம்மி.

சூரியன் வர்றதுக்கு முன்னாடி எஃப்/7.1-ல 1/500 வெச்சா ஐஎஸ்ஓ பத்தாயிரத்துக்குப் பக்கத்துல போய் நிக்கும். ஆர்7-க்கு அது அதிகம். சும்மா படுத்திருக்கற சிங்கத்துக்கு எதுக்கு 1/500? பீன்பேக்ல வெச்சு 1/125-க்கு இறக்கினா ஐஎஸ்ஓ 2500. அஞ்சாறு ஃப்ரேம் தொடர்ந்து அடிச்சா ரெண்டாச்சும் கூர்மையா வரும். எஞ்சின் ஓடினா இதெல்லாம் வீண், முதல் வேலையா அதை நிறுத்தச் சொல்லுங்க. வண்டியில மத்த மூணு பேரும் அசையாம இருக்கணும். இதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்குங்க, ஏன்னா சிங்கத்தைப் பார்த்ததும் நாலு பேரும் ஒரே பக்கம் பாய்வீங்க.

ஷட்டர்மணி

கோணம் விஷயத்துல புல்வெளி சொல்றது சரி, ஒத்துக்கறேன். செட்டிங் பக்கம் வரேன்.

மேனுவல் + ஆட்டோ ஐஎஸ்ஓ. லென்ஸ்ல இருக்கற கன்ட்ரோல் ரிங்குக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கொடுத்துடுங்க, கண்ணை எடுக்காமலே திருப்பலாம். எருமைக் கூட்டம், நூவுக் கூட்டம் ஃப்ரேமை நிறைச்சா கேமரா ஏமாந்து வெளிச்சத்தை ஏத்தும், -0.7 வரைக்கும் இறக்குங்க. எதிர்வெயில்ல தூசிக்கு நடுவுல ஓரம் மட்டும் மின்னற படத்துக்கு -1.5, சில நேரம் -2.

ஏஎஃப்: விலங்கு கண்டறிதலை ஏஎஃப்-ஆன் பட்டனுக்கும், ஸ்பாட் ஏஎஃப்-ஐ நட்சத்திர பட்டனுக்கும் போடுங்க. புல் மார்பளவு நிக்கற இடத்துல கண் கண்டறிதல் முன்னால ஆடற புல்லைப் புடிச்சுக்கும். அப்ப ஸ்பாட்டை அழுத்தி, கண்ணுக்குக் கீழ புல் இல்லாத சந்துல வெச்சுப் புடிங்க. கூட்டத்துல இன்னொரு தொல்லை, ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவிக்கிட்டே இருக்கும். அங்க கண்டறிதலை அணைச்சுட்டு சின்ன ஜோன் போதும்.

ரெண்டு சிங்கம் பக்கத்துல பக்கத்துல இருந்தா, முன்னும் பின்னுமா எவ்வளவு தூரம் கூர்மையா வரும்ங்கற ஆழத்தைக் கணக்குல வெச்சுக்குங்க. 25 மீட்டர்ல 500, எஃப்/7.1-க்கு சுமார் 65 செ.மீ. கூர்மையா கிடைக்கும், தப்பிச்சுடலாம். 10 மீட்டர்ல அதே செட்டிங்குக்கு 10 செ.மீ.தான், ஒரே சிங்கத்துக்கே மூக்கும் கண்ணும் சேர்ந்து வராது. எஃப்/11-க்குப் போனாலும் பெரிசா மாறாது, ஜூமைக் குறைங்க.

ஆர்7-ல எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். சென்சாரைப் படிச்சு முடிக்க வினாடியில முப்பதுல ஒரு பங்கு ஆகுது. ஓடற மிருகத்தோட கால் வளையும், கேமராவைத் திருப்பிக்கிட்டே எடுத்தா பின்னால மரமெல்லாம் சாயும். ஓட்டத்துக்கு முழு மெக்கானிக்கல், 15 ஃப்ரேம் தாராளம். 1/60, 1/125 மாதிரி மெதுவான வேகத்துக்கு எலக்ட்ரானிக் முதல் திரை, இல்லேன்னா ஷட்டர் அடிக்கற அதிர்வே தெரியும். சத்தமில்லாம எடுக்க ஆசைப்படாதீங்க, மாரா சிங்கங்க டீசல் எஞ்சினுக்கே திரும்பிப் பார்க்காது.

சி-ரா (சுருக்கின ரா ஃபைல்) போதும். முழு ரா எடுத்தா பஃபர் (கேமராவோட தற்காலிக நினைவகம்) சீக்கிரம் நிரம்பி, சரியான நேரத்துல கேமரா "பிஸி"ன்னு நிக்கும். யுஎச்எஸ்-2 வகை வேகமான கார்டா வாங்குங்க. ஒரு நாளைக்கு மூவாயிரம் படம்னு வெச்சாலும் 60 ஜிபி சுமார்.

குருவிக்கண்

அருமை. எக்ஸ்டெண்டர் எண்ணத்தை விட்டாச்சு, ஆர்6 மார்க் 2 வாடகைக்கு விசாரிக்கறேன். ஆறு கடக்கறது பத்தி யாராவது விரிவா சொல்லுங்க, பயணமே அதுக்காகத்தான்.

அப்புறம் ஒரு சந்தேகம்: சிவிங்கிப்புலின்னு சொல்றது சீட்டாவைத்தானே? நான் சிறுத்தைன்னுதான் எழுதிக்கிட்டிருக்கேன்.

மேற்குக்கரை

ஆமாம், சீட்டா சிவிங்கிப்புலி, லெபர்ட் சிறுத்தை. நம்ம செய்தித்தாள்களே குழப்பும். அங்க வண்டி ரேடியோவில் "டூமா" என்றால் சிவிங்கிப்புலி, "சுய்" என்றால் சிறுத்தை, "சிம்பா" சிங்கம். இந்த மூன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டால் வண்டி ஏன் திடீரென்று திரும்புகிறது என்று புரியும்; லென்ஸை முன்கூட்டியே தயார் செய்யலாம்.

ஆற்றுக்கு வருவோம். முதலில் எந்தக் கரை என்று முடிவு செய்ய வேண்டும். மாரா ஆற்றுக்கு மேற்கே இருப்பது மாரா ட்ரயாங்கிள், கிழக்கே ரிசர்வின் பெரிய பகுதி. கடக்கும் இடங்கள் பலவற்றில் காலை வெயில் கிழக்குக் கரையில் நிற்பவருக்கு முதுகுப் பக்கம். எதிர்க்கரை, தண்ணீர், முகங்கள் எல்லாம் துலக்கமாகத் தெரியும். மேற்குக் கரையிலிருந்து அதே நேரத்தில் எடுத்தால் எதிர்வெயில்: தூசி பொன்னாகும், உடம்புகள் கறுப்பாகும். மாலையில் இது அப்படியே தலைகீழ். ஆறு வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு துறைக்கும் கொஞ்சம் மாறும், டிரைவரிடம் கேளுங்கள். நினைத்த நேரத்தில் கரை மாற முடியாது. வண்டி போகும் புருங்காட் பாலம் தெற்கே, தான்சானியா எல்லைப் பக்கம் இருக்கிறது. ஆகவே காலையில் கிளம்பும்போதே முடிவெடுங்கள்.

கூட்டம் கரைக்கு வந்துவிட்டது என்றால் கடக்கப் போகிறது என்று அர்த்தம் இல்லை. மணிக்கணக்கில் நிற்கும், விளிம்பு வரை வந்து மோந்து பார்த்துவிட்டு மொத்தமாகத் திரும்பி ஓடும். ஒரு வரிக்குதிரை மிரண்டால் போதும். வண்டிகள் விளிம்பில் போய் நின்றால் இறங்கும் வழியே அடைபட்டுவிடும். முதல் சில விலங்குகள் தண்ணீரில் இறங்கும் வரை பின்னால், புதர்ப் பக்கம், எஞ்சினை நிறுத்திக் காத்திருப்பதுதான் முறை. பக்கத்து வண்டி முன்னால் போகிறது என்று உங்கள் டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் விதியை மீறினால் அபராதமும் வெளியேற்றமும் அவருக்குத்தான், அந்த வருமானத்தை நம்பித்தான் அவர் பிழைப்பு. பூனை இனங்களிடமும் இதே கட்டுப்பாடு உண்டு: ஒரு விலங்குக்கு ஐந்து வண்டி, மற்ற வண்டிகள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் கேமராவைத் தயாராக வையுங்கள். கார்டு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் மாற்றுங்கள். பேட்டரி நாற்பது சதவீதத்துக்குக் கீழே என்றால் அதையும். கடப்பது சில நிமிடத்திலும் முடியலாம், அரை மணிக்கு மேலும் நீளலாம். நடுவில் பேட்டரி மாற்றும் பத்து வினாடியில்தான் முதலை வரும்.

இறங்க ஆரம்பித்ததும் எல்லோரும் செய்யும் தவறு 500-க்குப் போய் ஒரு தலையைத் துரத்துவது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நனைந்த தலைகள் நூறு இருக்கும், ஆறு கடந்த படம் ஒன்றுகூட இருக்காது. முதலில் 24-105-ஐ எடுங்கள். மேட்டிலிருந்து சரிந்து வரும் வரிசை, தூசி, ஆற்றின் அகலம், எதிர்க்கரை எல்லாம் ஒரே ஃப்ரேமில், எஃப்/8, 1/1000. இரண்டு நிமிடத்தில் அது முடிந்துவிடும். பிறகு 100-500-ல் 150 முதல் 250 வரை வைத்துக்கொண்டு கரையிலிருந்து பாயும் இடத்தைப் பிடியுங்கள். முன்னங்கால் இரண்டும் காற்றில் இருக்கும் கணம் வேண்டுமென்றால் 1/2500. பாய்கிற ஒரு விலங்கைத் தொடராதீர்கள். ஒன்று பாய்ந்த அதே இடத்தில்தான் அடுத்ததும் பாயும், அங்கேயே ஜோனை வைத்துக் காத்திருங்கள். 500 மூன்றாவதாக: தண்ணீரிலிருந்து ஏறும் முகம், வழுக்கும் குளம்பு, முதுகில் மிதித்து ஏறும் கன்று.

கூட்டம் இன்னும் வந்துகொண்டே இருந்தால் 1/30-க்கு இறக்கிப் பாருங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை மோடு 2-ல் வைத்து, கூட்டம் போகும் திசையில் கேமராவை ஒரே சீராக நகர்த்த வேண்டும். பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். ஆனால் நடுப்பகல் வெயிலில் 1/30 வைத்தால் அப்பெர்ச்சர் எஃப்/22-ஐத் தாண்டிப் போகும். அதற்கு, வெளிச்சத்தைக் குறைக்கும் 77 மி.மீ. என்.டி. ஃபில்டர் ஒன்று வையுங்கள், உங்கள் இரண்டு லென்ஸுக்கும் அதே விட்டம்தான்.

இந்த ஆறு இரவுப் பயணத்தில் கூட்டம் கடப்பதைப் பார்த்தே தீருவேன் என்று நினைத்தால் நான்கு நாளும் கரையிலேயே போய்விடும். ஆகஸ்டில் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் மழை பெய்த பக்கம் கூட்டம் போகும். இரண்டு காலை ஆற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைச் சமவெளிக்கு வையுங்கள். கூட்டம் இருக்கும் இடத்தில் கழுதைப்புலியும் சிங்கமும் தானாக இருக்கும். வேட்டைப் படம் எடுக்க ஆற்றை விட அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

புல்வெளி

தூசி பத்தி யாரும் முழுசா சொல்லல. 100-500 நீளற லென்ஸ், ஒவ்வொரு தடவை ஜூம் பண்ணும்போதும் குழாய்மேல ஒட்டின தூசி உள்ள போகப் பார்க்கும். வண்டி ஓடறப்ப லென்ஸைச் சுருக்கிப் பூட்டி, மேல ஒரு ஈரமில்லாத துண்டு போட்டு மடியில வெச்சுக்குங்க. தரையில வைக்காதீங்க, அதிர்வுல திருகு கழண்டுக்கும். பிளாஸ்டிக் பை போட்டு மூடலாம்னு கட்டு கட்டா எடுத்துட்டுப் போகாதீங்க, 2017-லயே கென்யாவுல பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தாச்சு. தலையணை உறை, துணிப்பை போதும்.

ராத்திரி முதல்ல ஊதற பல்ப், அப்புறம் மெல்லிய பிரஷ், கடைசியாத்தான் துணி. தூசி ஒட்டின கண்ணாடியை நேரா துணியால தேய்ச்சா கோடு விழும். ஸ்ப்ரே டப்பா காத்து வேண்டாம், விமானத்துல விடவும் மாட்டாங்க. சென்சார்ல புள்ளி இருக்கான்னு பார்க்க எஃப்/22-ல, ஃபோகஸைக் கலைச்சு, வெறும் வானத்தை ஒண்ணு எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க.

ஷட்டர்மணி

மூட்டை முடிச்சு பத்திச் சுருக்கமா: நைரோபி வில்சன் நிலையத்துலேருந்து போற சின்ன விமானத்துல கைப்பையும் சேர்த்து 15 கிலோ, அதுவும் சக்கரம் இல்லாத, மெத்துன்னு இருக்கற பை. ட்ரோன் வேண்டவே வேண்டாம், பறிபோகும். உதிரி பேட்டரி எல்லாம் கைப்பையில. பிளக் மூணு செவ்வகக் கம்பி, இங்கிலாந்து வகை. அடாப்டர் ஒண்ணும், இங்கேருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பலகையும் கொண்டு போனா நாலு பேர் சார்ஜரும் ஓடும். கிளம்பறப்ப விமான நிலையக் கஸ்டம்ஸ்ல கேமரா, லென்ஸ் சீரியல் எண்ணோட ஏற்றுமதிச் சான்று வாங்கிக்குங்க, திரும்பறப்ப வரி கேள்வி வராது. மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், அந்த ஊசிச் சான்றுப் புத்தகம் இல்லேன்னா திரும்பி வந்ததும் தனிமைப்படுத்தல்.

காலையில குளிரும், கழுத்துக்குத் துணி வேணும். நீலமும் கறுப்பும் போட்டா செட்சி ஈ தேடி வரும்.

குருவிக்கண்

பீன்பேக்ல என்ன நிரப்பறது? இங்கேருந்தே நிரப்பிட்டுப் போனா 15 கிலோவுல மூணு கிலோ போயிடுமே.

மேற்குக்கரை

காலியாக எடுத்துச் செல்லுங்கள். எச் வடிவில், ஜன்னல் கண்ணாடி விளிம்பின் இரண்டு பக்கமும் தொங்கும் வகையாக இருந்தால் வண்டி குலுங்கும்போது விழாது. வாய்ப்பக்க ஜிப்புக்கு உள்ளே இன்னொரு துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள், ஜிப் பிய்ந்தாலும் கொட்டாது. முகாமுக்குப் போனதும் சமையலறையில் "ம்சேலே" என்று கேட்டால் அரிசி. "மஹராக்வே" என்றால் பீன்ஸ். பீன்ஸ் உருளும். கனமான லென்ஸுக்கு அரிசிதான் அசையாமல் உட்காரும். இரண்டரை கிலோ போதும். முழுக்கத் திணிக்காமல் கால்வாசி காலியாக விடுங்கள், அப்போதுதான் லென்ஸ் பாதத்துக்கு ஏற்றபடி பள்ளம் விழும். கடைசி நாள் அரிசியைச் சமையலறைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.